திரு. சாமி என்கிற பார்ட்னர்

அரசாங்க உறை எதுவானாலும் கிளாடிஸ் உட்கார்ந்துதான் பிரிப்பாள். அன்றைக்கு உட்கார இடமில்லாமல் நின்றபடியே பிரித்தாள். கடை முழுக்க வடக்கயிறு விரித்துக் கிடந்தது. மாலத்தீவுக்குத் தோணி ஓட்டுகிற தண்டல் அபுல் ஹஸன், கயிற்றை முழம் போட்டு அளந்துகொண்டிருந்தார். சேல்ஸ் டாக்ஸ் ஆபீஸ் சேவகர் கையெழுத்து வாங்கிக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

நோட்டீஸ் இங்கிலீஷில் இருந்தது. கான்வென்டில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள் என்பதால் அவளால் வாசிக்க முடிந்தது. வாசிக்கத் தெரியாமலே இருந்திருக்கலாம் என்று பிற்பாடு பல தடவை நினைத்தாள். உங்கள் கடை உங்கள் ஒருவர் பெயரில் மட்டும் பதிவாகியிருக்கிறது. ஆனால் உங்கள் பார்ட்னர் திரு. சாமி என்பவர் லாபத்தில் பங்கு எடுத்து வருவது தணிக்கையில் தெரிகிறது. பார்ட்னரை மறைத்ததற்காக உங்கள் பதிவை ஏன் ரத்து செய்யக் கூடாது, உங்கள்மேல் ஏன் வழக்குப் போடக் கூடாது? மார்ச் இருபத்து மூன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை, மேற்படி சாமியுடன் நேரில் வந்து விளக்கவும். இவ்வளவுதான் விஷயம்.

"என்னம்மா, மொகம் வெளுத்துப் போச்சு?" என்றார் அபுல் ஹஸன்.

"ஒண்ணுமில்ல காக்கா. நீங்க அளங்க."

அளந்து முடித்ததும் எத்தனை முழம் என்று அவர் சொன்னார். அவள் காதில் விழவில்லை.

சாமி என்று அவளுக்கு யாரையும் தெரியாது.

தூத்துக்குடி பீச் ரோட்டுப் பக்கத்தில் அந்தத் தோணிச் சாமான் கடையை ஆரம்பித்தவர் அவளுடைய அப்பா வளன். வடம், தோணிக்குப் பூசுகிற கீல், ஆணி, கப்பி, பாய்த்துணி எல்லாம் கிடைக்கும். ஐந்து வருடத்துக்கு முன் அவர் இறந்தபோது தம்பி இனிகோ கிரேக்கக் கப்பல் ஒன்றில் இருந்தான். இப்போதும் ஏதோ ஒரு கப்பலில்தான் இருக்கிறான். கல்யாணமாகாத மூத்த மகள் கல்லாவில் உட்கார்ந்தாள். ரெண்டு மாதத்தில் கடையை மூடிவிடுவாள் என்று பேசிக்கொண்டார்கள். அவள் மூடவில்லை. அதிகம் பேசாமல், விலையைக் கூட்டியும் சொல்லாமல் குறைக்கவும் செய்யாமல் நடத்தினாள். இப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. தம்பி பெண்டாட்டி பேபியும் அவளும் ஒரே வீட்டில் இருந்தார்கள்.

வருடா வருடம் வரிக் கணக்கை எழுதி ஆபீசில் கொடுத்தவர் அப்பாவின் சிநேகிதர் இசக்கியப்பன். போன வருடம் அவருக்குக் கண்ணில் புரை விழுந்துவிட்டது. மகனோடு இருக்க சாத்தான்குளம் போய்விட்டார். புதிதாக ஆள் பார்க்க வேண்டும் என்று கிளாடிஸ் நினைத்துக்கொண்டே இருந்தாள், பார்க்கவில்லை. கணக்கைக் காட்டுவதற்கு அவளுக்கு ஒரு கூச்சம். வெளி ஆளிடம் உள்ளாடைப் பெட்டியைத் திறந்து காட்டுகிற மாதிரி இருந்தது. அதற்குள் மாசி மாதம் தணிக்கைக்கு ஒரு ஆபீசரும் ஒரு கிளார்க்கும் வந்தார்கள். வேலூர்ப் பக்கத்து ஆபீசர், ஊருக்குப் புதுசு. ரெண்டு மணி நேரம் பேரேட்டைப் புரட்டினார்கள். அவள் வரவழைத்து வைத்த கலர் சோடாவை ரெண்டு பேரும் தொடவே இல்லை. தொடாததுதான் அவளுக்குக் கெட்ட சகுனமாகப் பட்டது.

அவசரநிலை வந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. உப்பு வியாபாரி ஒருவரைச் சாப்பாட்டு இலையிலிருந்து எழுப்பிக் கூட்டிப் போனார்கள் என்று சொன்னார்கள். எந்த ஊர், என்ன பேர் என்று கேட்டால் ஆளுக்கொரு ஊரும் பேரும் சொன்னார்கள். அது இன்னும் பயமாக இருந்தது.

அன்று பேபியிடம் நோட்டீசைச் சொன்னாள். பேபி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"யாரு மைனி அந்தச் சாமி?"

"தெரிஞ்சா சொல்ல மாட்டனா?"

"மாமா போறப்ப வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லலியே. எங்கனயும் யாரையும் வச்சிருந்து, அந்த வழியில ஒரு..."

"ஏளா, வாயக் கழுவு."

"நான் சொல்லலம்மா. கெவர்மென்ட்டு சொல்லுது."

கிளாடிஸ் எழுந்து போய்ப் பேரேடுகளை எடுத்தாள். ஐந்து வருடப் பேரேடு, எல்லாம் அவள் கையெழுத்து. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை சாமி என்று ஒரு ஆளைத் தேடினாள். மூன்று தடவை தேடினாள். அப்படி ஒரு கடன்காரனும் இல்லை, வாடிக்கைக்காரனும் இல்லை. அப்படியானால் அவளுக்குத் தெரியாத வேறு காகிதம் எங்கோ இருக்கிறது. அப்பா எழுதிக் கொடுத்த காகிதம். அதை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எங்கோ உட்கார்ந்திருக்கிறான். ஒரு நாள் கடை வாசலில் வந்து நிற்பான். நான்தான் சாமி, என் பாதியை எடுத்து வை என்பான்.

மூன்றாம் நாள் ஒருவன் வந்தே விட்டான். முன்பின் தெரியாத ஆள். வாசலில் நின்று கடையின் உத்தரத்தையும் கூரையையும் அளக்கிற மாதிரிப் பார்த்தான்.

"உங்க பேரு?" என்று கேட்டாள். வாடிக்கைக்காரரிடம் பேர் கேட்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது.

"அய்யாச்சாமி."

கையிலிருந்த ஆணித் தட்டு கீழே விழுந்து ஆணியெல்லாம் சிதறியது. அவன் பதறிப்போய்க் குனிந்து பொறுக்கினான். "எனக்குக் கால் கிலோ போதும்க்கா. எதுக்கு இம்புட்டையும் கொட்டுதீங்க?" என்றான்.

அன்று மத்தியானமே கடையைப் பூட்டிவிட்டு கிரேட் காட்டன் ரோட்டுக்குப் போனாள். மாடியில் ஆடிட்டர் ஞானதீபம் இருந்தார். பெரிய பெரிய கம்பெனிகளுக்குக் கணக்குப் பார்ப்பவர். கண்ணாடி போட்ட மேஜை, தலைக்கு மேல் மின்விசிறி. நோட்டீசை அரை நிமிடத்தில் வாசித்துவிட்டார்.

"சாமி யாரு?"

"எனக்குத் தெரியாது சார்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

"மாதா சத்தியமா தெரியாது."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இங்க பாருங்கம்மா. ஆபீஸர் பார்ட்னர் உண்டுன்னு முடிவு பண்ணிட்டாரு. இல்லன்னு நீங்க ப்ரூவ் பண்ணணும். இல்லாத ஆள இல்லன்னு எப்படி ப்ரூவ் பண்ணுவீங்க? இருக்கான்னு ப்ரூவ் பண்ணுதது ரொம்ப லேசு."

"இல்லாத ஆள எப்படி சார் இருக்கான்னு..."

"ஊர்ல சாமிக்கா பஞ்சம்? நம்ம ஆபீஸ்லயே சாமிக்கண்ணு இருக்கான். பின்தேதி போட்டு பார்ட்னர்ஷிப் பத்திரம் ஒண்ணு எழுதுவோம். பதிவு பண்ண மறந்துட்டேன், தெரியாமச் செஞ்ச தப்புன்னு சொல்லுவோம். ஒரு அபராதத்தோட போயிரும். கேஸ் கீஸ் ஒண்ணும் வராது."

பியூன் தண்ணீர் கொண்டு வந்து வைத்தார். அவர்தான் சாமிக்கண்ணு. ஐம்பது வயதிருக்கும். அவளைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார்.

கேஸ் வராது என்ற சொல் மட்டும் அவளுக்குள் போய் நின்றுகொண்டது. முந்நூறு ரூபாய் பீஸில் நூறு ரூபாய் முன்பணம் கொடுத்தாள். எழுதாத ரெண்டு முத்திரைத் தாளில், அவர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில், கையெழுத்துப் போட்டாள். படி இறங்கும்போது இலேசாக இருந்தது. ரோட்டுக்கு வந்ததும் இலேசு போய்விட்டது. சாமிக்கண்ணுவின் சிரிப்பு நினைவுக்கு வந்தது. மரியாதையான சிரிப்புத்தான். நாளைக்கு அந்த மனிதருக்கு ஒரு கஷ்டம் வந்தால்? கையில் பத்திரம் இருக்குமே. இல்லாத ஒரு பங்காளிக்குப் பயந்து போனவள், தன் கையாலேயே ஒருவரை உண்டாக்கிவிட்டு வந்திருந்தாள்.

அதற்குப் பிறகு அவளால் சாப்பிட முடியவில்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்தாள். "எங்க அண்ணன் வேல பாக்கிற எடத்துல ஒருத்தரு சொன்னாரு" என்று பேபிதான் அவளை வன்னியபெருமாளிடம் அனுப்பினாள். சேல்ஸ் டாக்ஸ் ஆபீசுக்கு எதிரே வேப்ப மரத்தடியில் குடையும் கையுமாக உட்கார்ந்திருக்கிறவர். மனு எழுதிக் கொடுப்பார் என்று பெயர்.

"ஆடிட்டர்ட்ட போனீயளாக்கும்? கெட்டுது போங்க" என்றார் எடுத்த எடுப்பில். "அவரு பேனாவத் தொறந்தாலே நூறு. நான் சொல்லுதேன், கேளுங்க. இப்ப காலம் சரியில்ல, ஆபீஸர் துட்டத் தொட மாட்டாரு. கிளார்க்கு தொடுவான். ஐந்நூறு குடுங்க, உங்க பைலு காணாமப் போயிரும்."

"காணாமப் போனா?"

"போனதுதான். யாரு தேடுவா?"

"தேடுனா?"

வன்னியபெருமாள் குடையைத் தோளில் சாத்திக்கொண்டு யோசித்தார். "அப்ப இன்னொரு ஐந்நூறு."

அவள் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டாள். முதுகுக்குப் பின்னால் அவர் யாரிடமோ, "பயந்த கட்டை. நாளைக்கே வருவா பாரு" என்று சொன்னது கேட்டது.

விசாரணைக்கு ஆறு நாள் இருக்கும்போது அபுல் ஹஸன் பாக்கி வடத்துக்காக வந்தார். அவள் எடுத்துப் போட்ட வடம் அவர் கேட்ட கனம் இல்லை. மாற்றிப் போட்டாள், அதுவும் இல்லை. அவர் கயிற்றுச் சுருளின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"தங்கச்சி, எட்டு வருசமா ஒங்க கடையில சாமான் எடுக்கேன். வளன் அண்ணாச்சியோ நீங்களோ ஒரு தடவ தப்பா எடுத்துப் போட்டதில்ல. என்ன விஷயம்?"

சொன்னாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் மரியாதைக்கு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

"எங்க காயல்பட்டணத்துப் பையன் ஒருத்தன் இருக்கான், ஜக்கரிய்யா. சின்னக் கடைகளுக்கெல்லாம் சேல்ஸ் டாக்ஸ் அவன்தான் பாக்கான். ஒரே ஒரு கொற. தொணதொணன்னு கேள்வி கேப்பான். அதுக்குப் பயந்தே எங்க ஆளு பாதிப் பேரு அவன்ட்ட போறதில்ல."

"பொய்ப் பத்திரம் எழுதுவாரா?"

"எழுத மாட்டான். அதுவும் ஒரு கொறதான், சில பேருக்கு."

மறுநாள் காலையில் ஜக்கரிய்யா சைக்கிளில் வந்தான். முப்பது வயதுகூட இருக்காது. சட்டைப் பையில் ரெண்டு பேனா. நோட்டீசை வாசித்துவிட்டு, ஆடிட்டர் மாதிரிச் சாமி யாரென்றும் வன்னியபெருமாள் மாதிரிப் பணமும் கேட்காமல், "பேரேட்டக் குடுங்கக்கா" என்றான்.

"சாமின்னு யாரும் அதுல இல்ல தம்பி. நான் மூணு தடவ பாத்தாச்சு."

"சாமியத் தேடல. ஆபீஸர் எதப் பாத்தாரோ அத நானும் பாக்கணும்லா? குடுங்க."

கொடுக்க மனமில்லாமல் கொடுத்தாள். அவன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து வாய்விட்டு வாசிக்க ஆரம்பித்தான். ஒவ்வொரு வரிக்கும் ஒரு கேள்வி.

"'சின்னத் தோணி, பதினெட்டு ரூபா.' எந்தத் தோணி?"

"தோணி இல்ல. ஆளு. அவரு பட்டப்பேரு."

"பேரு என்ன?"

"இஞ்ஞாசி."

"அப்ப இஞ்ஞாசின்னு எழுதணும். 'கீல் கைமாத்து'ன்னா?"

"பக்கத்துக் கடைக்கு ஒரு டின் குடுத்தேன், திருப்பித் தந்துட்டாங்க."

"தந்தது எங்க எழுதிருக்கு?"

எழுதவில்லை. அவன் குறித்துக்கொண்டான். ஆபீசரின் ஆள்தான் வந்து உட்கார்ந்திருக்கிறானோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. ஒரு மணி நேரம் இப்படியே போனது. அவள் பதில் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டாள். மாதக் கடைசிக் கணக்குக்கு வந்தான்.

"'பங்கு சாமி, முப்பத்திரெண்டு ரூபா.' இது யாரு?"

"அது நம்ம பங்கு சாமி."

"அதான் யாருன்னு கேக்கேன்."

"பங்கு சாமி தம்பி. கோயில் சாமியாரு. பூசை வைக்கிறவங்க." இதைக்கூடவா கேட்பார்கள் என்று இருந்தது அவளுக்கு.

ஜக்கரிய்யா அடுத்த மாதத்தைப் புரட்டினான். பங்கு சாமி, நாற்பத்தொன்று. அதற்கடுத்தது, பங்கு சாமி, இருபத்தாறு. பேனாவைக் கீழே வைத்தான்.

"அக்கா, உங்க ஆளுகளுக்குப் பங்குன்னா என்ன?"

"பங்குன்னா... பங்குதான். ஒரு கோயிலச் சேர்ந்த சனம், அந்த எல்லை."

"எங்களுக்கெல்லாம் பங்குன்னா லாவத்துல பாதி. வேலூர்க்காரருக்கும் அப்படித்தான்." நோட்டீசை எடுத்துப் பேரேட்டின் பக்கத்தில் வைத்தான். "பங்க இங்கிலீஷ்ல பார்ட்னர்னு போட்டுட்டாரு. மிச்சம் என்ன இருக்கு? சாமி. ஒரு 'திரு' சேத்துக்கிட்டாரு."

கிளாடிஸ் அந்த வரியைப் பார்த்தாள். அவள் கையெழுத்து. மூன்று தடவை தேடியபோதும் அவள் கண் இந்த வரியைத் தாண்டித்தான் போயிருக்கிறது. மனிதனைத் தேடியவளுக்குப் பங்கு சாமி ஒரு ஆளாகத் தெரியவில்லை.

"தொகை ஏன் மாசத்துக்கு மாசம் மாறுது?"

"லாபத்துல நூத்துக்குப் பத்து. அப்பா நேந்துக்கிட்டது. நானும் விடாமக் குடுக்கேன்."

"அது வேறயா? லாவம் ஏறுனா சாமிக்கு ஏறுது, கொறஞ்சாக் கொறையுது. நான் ஆபீஸரா இருந்தாலும் பார்ட்னர்னுதான் எழுதுவேன்." அவன் சிரித்துவிட்டான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "தம்பி, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்" என்று முத்திரைத் தாள் விஷயத்தைச் சொன்னாள்.

ஜக்கரிய்யாவின் சிரிப்பு நின்றது. "அந்தத் தாள் ஆபீஸுக்குப் போயிட்டா, இந்தப் பேரேட்ட வச்சு நான் ஒண்ணும் செய்ய முடியாது. நீங்களே பார்ட்னர் உண்டுன்னு கையெழுத்துப் போட்டதா ஆயிரும். அப்புறம் சாமிக்கண்ணு உங்க கடையில பாதி. எழுதுதது அவங்க இஷ்டம். மொதல்ல அத வாங்கிட்டு வாங்க. நான் வந்தா அவரு வீம்புக்குத் தர மாட்டாரு."

அவள் வாழ்க்கையில் யாரிடமும் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டதில்லை. கிரேட் காட்டன் ரோட்டு மாடிப்படியில் பாதி ஏறிவிட்டு இறங்கினாள். மறுபடி ஏறினாள்.

பத்திரம் டைப் ஆகி மேஜைமேல் இருந்தது. சாமிக்கண்ணுவின் கையெழுத்தும் விழுந்திருந்தது. நீல மையில் கோணல் மாணலாக, எழுத்துக் கூட்டிப் போட்ட கையெழுத்து.

"சார், அது வேண்டாம். திருப்பித் தந்திருங்க."

"என்னம்மா வெளையாட்டா? நாளைக்கு சப்மிட் பண்ணப் போறேன்."

"சாமி யாருன்னு தெரிஞ்சு போச்சு சார். எங்க பங்கு சாமியாரு."

ஆடிட்டர் பத்திரத்தின்மேல் கையை வைத்துக்கொண்டார். "அதப் போய் அந்த ஆபீஸர்ட்ட சொல்லப் போறீங்களா? இந்தக் காலத்துல? நம்புவாரா? சாமியாரயும் சேத்துக் கூண்டுல ஏத்துவாரு. நான் சொல்லுதது சேப்டி."

அவர் சொல்வதுதான் சரியோ என்றுகூடத் தோன்றியது. ஆனாலும் அந்தக் கோணல் கையெழுத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. மணிபர்சைத் திறந்து, பாக்கி இருநூறு ரூபாயைக் கண்ணாடியின்மேல் வைத்தாள்.

"உங்க பீஸு முழுசும் இருக்கு. தாளக் குடுங்க சார். குடுக்காம நான் போக மாட்டேன்."

சத்தம் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. அடுத்த அறையில் டைப்ரைட்டர் நின்றது. ஆடிட்டர் பணத்தைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், தாளைத் தள்ளினார். "அப்புறம் என்ட்ட வந்து அழக் கூடாது" என்றார். வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த சாமிக்கண்ணு எழுந்து நின்று, "நல்லதாப் போச்சும்மா. எனக்கும் தூக்கமில்ல" என்று மெல்லச் சொன்னார்.

பங்கு சாமியாரிடம் கடிதம் வாங்கப் போனபோது அவள் தலை நிமிரவில்லை. தவக்காலம், அவருக்குத் தலைக்குமேல் வேலை. விஷயத்தைக் கேட்டுவிட்டு, கோயில் வரவுப் புத்தகத்தையே எடுத்துக் கொடுத்தார். "கடிதாசும் தாரேன், இதையும் கொண்டு போ. வேணும்னா என்னயும் கூப்பிடு. பார்ட்னர்தானே, வந்துதான் ஆவணும்" என்றார். சாமியாரையும் கூண்டில் ஏற்றுவார் என்று ஆடிட்டர் சொன்னதே அவள் காதில் கேட்டது. "நீங்க வர வேண்டாம் சாமி" என்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை ஆபீஸ் பெஞ்சில் ரெண்டரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். உள்ளே கூப்பிட்டபோது ஜக்கரிய்யா பேசினான். வேலூர் ஆபீசர் குறுக்கே ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேரேட்டையும் கோயில் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மாதம் மாதமாக விரலை ஓட்டினார். ஐம்பத்தெட்டு மாதம். வளன் கடை முப்பத்திரண்டு, வளன் கடை நாற்பத்தொன்று. விரல் நின்றது.

"இந்த ரெண்டு மாசம் கோயில் புஸ்தகத்துல இல்லையே. அந்தப் பணம் யாருக்குப் போச்சு?"

ஜக்கரிய்யாவுக்கு இது தெரியாது. அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் பேரேட்டை இழுத்து அந்த ரெண்டு மாதத்தையும் பார்த்தாள்.

"பழைய சாமி மாத்தலாயிப் போயிட்டாங்க" என்றாள். "புதுச் சாமி வரல்ல. கோயில் வேலையப் பாக்கிற உபதேசியார்ட்ட குடுத்தேன். அவரு எழுதினாரா எழுதலியான்னு நான் கேக்கல சார். கோயில்ல குடுத்ததப் போய் எப்படிக் கேக்கது?"

ஆபீசர் அவளை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். பிறகு கோயில் புத்தகத்தின் முன்பக்கத்தைத் திருப்பி, சாமியார் மாற்றல் எழுதியிருந்த தேதியைத் தேடிக் கண்டுபிடித்தார். அந்த ரெண்டு மாதத்துக்குச் சரியாக இருந்தது. எழுத ஆரம்பித்தார்.

பார்ட்னர் இல்லை, வழக்கும் இல்லை. கணக்கில் விவரம் சரியாக எழுதாததற்கு ஐம்பது ரூபாய். "இனிமே யாருக்கு எதுக்குன்னு வெவரமா எழுதுங்கம்மா. எனக்கு உங்க ஊர் பாஷை தெரியாது" என்றார். அதைக் கொஞ்சம் கோபமாகத்தான் சொன்னார்.

வெளியே வந்ததும் ஆபீஸ் படிக்கட்டிலேயே கிளாடிஸ் உட்கார்ந்துவிட்டாள். எதிரே வேப்ப மரத்தடியிலிருந்து வன்னியபெருமாள் குடையைச் சாய்த்துப் பார்த்தார்.

"டீ குடிக்கீங்களா அக்கா?"

"வேண்டாம் தம்பி. குடிச்சா வாந்தி வந்திரும்." பேரேட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். "முடிஞ்சுதா?"

"இந்த வருசத்துக்கு முடிஞ்சுது."

"அப்ப அடுத்த வருசமும் நீங்கதான் பாக்கணும்."

"பாக்கேன். ஆனா இப்படித்தான் கேள்வி கேப்பேன்."

"கேளுங்க" என்றாள் கிளாடிஸ். "ஒண்ணு விடாமக் கேளுங்க."